முன்னாடி போறவங்க அடுப்பு மூட்டணும்

பெரிய கோயில்கள் எல்லாமே தைலம்மாளுக்குத் தூரத்துப் பழக்கம்தான். திருவண்ணாமலைத் தீபத்தைக் கரும்புக் கொல்லையில் அரிவாளும் கையுமாக நின்று கும்பிட்டிருக்கிறாள். சிதம்பரத்துக் கோபுரங்கள் அவளுக்கு லோடு லாரியின் மேலிருந்து தெரிந்த கோபுரங்கள். கும்பகோணத்தில் ஒரு பருவம் முழுக்கக் குடிசை போட்டுக் கிடந்தும் ஊருக்குள் போனது ஒரே ஒரு நாள். அதுவும் காய்ச்சலுக்கு ஊசி போட.

சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அவள் வீடு. நிலம் என்று சொல்லிக்கொள்ளக் கையகலம் கிடையாது. கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், கரும்பு வெட்டச் செட்டு கிளம்பிவிடும். செட்டு என்றால் புருசனும் பெண்சாதியுமாகப் பத்துப் பன்னிரண்டு ஜோடி, அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. எந்த ஊர் ஆலைக்கு வெட்ட வேண்டும், எந்தக் கொல்லையில் இறங்க வேண்டும், யார் வெட்டுவது, யார் கட்டுவது, எல்லாம் மேஸ்திரி வாய்ச்சொல். கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து தைலம்மாள் தன் புருசன் அரங்கநாதனோடு இந்தச் செட்டில்தான் ஊர் ஊராகப் போனாள். பகலெல்லாம் வெட்டுவாள். வெட்டப் போவதற்கு முன்னாலும் வெட்டி வந்த பின்னாலும் ஆக்குவாள்.

செட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. புது ஊரில் போய் இறங்குகிற அன்றைக்கு யார் முன்னாடி போய்ச் சேர்கிறார்களோ அவர்கள்தான் அடுப்பு மூட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் முதல் லாரியில் எப்போதும் பானை சட்டியும் அரிசி மூட்டையும் பெண்களும்தான் ஏறுவார்கள். மூங்கிலையும் தார்ப்பாயையும் ஏற்றிக்கொண்டு ஆண்களின் லாரி நிதானமாகப் பின்னால் வரும். அவர்கள் வந்து இறங்கும்போது சோறு வெந்திருக்கும். ஒரு பருவத்திலாவது இது மாறிப் போனதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

இப்படி இருந்தவள், மகன் இளமாறன் கள்ளக்குறிச்சியில் காலேஜில் சேர்ந்த அன்றைக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள். பையன் டிகிரி வாங்கிவிட்டால், தூர நின்று கும்பிட்ட கோயில்களின் வாசலை எல்லாம் குடும்பத்தோடு ஏறிவிடுவது. பையன் வாங்கிவிட்டான். அந்தத் தெருவிலேயே முதல் டிகிரி. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவன் நிற்கிற போட்டோவை வாசலுக்கு நேரே மாட்டியிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தைலம்மாள் கதவைச் சாத்துவதே இல்லை.

வேண்டுதலைத் தீர்க்கும் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்தது. மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் பாரதியும் மருமகன் தமிழழகனும் போனில் இருந்தார்கள். அரங்கநாதனின் தங்கை இசைவாணி அடுத்த தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால் அண்ணன் வீட்டு விசேசம் எதையும் விடாதவள் அவள்.

இளமாறன் போனில் ஒரு டூர் விளம்பரத்தைக் காட்டினான். ஏசி வண்டி, தங்க ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு ஊர்க் கோயில்.

"தலைக்கு இவ்ளோவா?" என்றாள் தைலம்மாள். "தலைய வித்தாக்கூட வராதேடா இந்தக் காசு."

"மொதல் சம்பளம் வரட்டும்மா, நான் பாத்துக்கறன்."

"மொதல் சம்பளத்த மொதல்ல கண்ணால பாக்கறன். அப்புறம் செலவு பண்ணலாம்."

அரங்கநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன? ஊருல எல்லாரும் எப்படிப் போறாங்க? ஒரு வேன் புடிச்சி, அரிசி பருப்பு, அண்டா குண்டான் எல்லாத்தயும் ஏத்திக்கினு, போற எடத்துல எறங்கி பொம்பளைங்க மூணு பேரு ஆக்கிப் போட்டா முடிஞ்சிது. செலவும் கம்மி, வயித்துக்கும் கெடுதல் இல்ல."

"அப்ப நான் வரல" என்றாள் தைலம்மாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னாமே இது, வேண்டுதல் உன்னுது."

"என்னுதுதான். கரும்பு வெட்டப் போனாலும் ஆக்கணும், சாமி கும்புடப் போனாலும் ஆக்கணும்னா ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்? அங்கயாவது கூலி குடுத்தாங்க."

போனுக்குள் பாரதி சிரிப்பது கேட்டது. தைலம்மாள் சிரிக்கவில்லை. "ஊரு போய் திரும்பற வரைக்கும் நானும் கரண்டியத் தொட மாட்டன், எம் பொண்ணும் தொடக் கூடாது, இதோ இவளும் தொடக் கூடாது. நான் ஊதாத அடுப்புல வெந்த சோத்த, சுடச்சுட, எல்லாரோடயும் ஒக்காந்து திங்கணும். அதுவும் வேண்டுதல்ல சேத்திதான்."

"அது எப்ப சேத்த?"

"இப்பதான்."

சொல்லிவிட்டாளே தவிர, வழி அவளுக்கும் தெரியவில்லை. ஆறு பேரும் வேளைக்கு வேளை ஓட்டலில் சாப்பிட்டால், நூறு நாள் வேலையில் அவள் சேர்த்து வைத்திருந்தது இரண்டாவது ஊரோடு தீர்ந்துவிடும். வேனையும் ஓட்டலையும் சேர்த்து வைத்து எப்படிப் பார்த்தாலும் ஒன்று மீறியது. ஒரு வாரம் இதே யோசனையாகக் களை வெட்டினாள்.

வழி கிடைத்தது பிங்க் பஸ்ஸில். சங்கராபுரம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டே தைலம்மாளுக்கு ஒரு எண்ணம் ஓடியது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டாள்:

"ஏம்மா, சங்கராபுரத்துல எறங்குனா மணலூர்பேட்டைக்கு இந்த மாதிரி பஸ்ஸு கீதா?"

"இருக்குதே. சுத்திக்கினு போவும். பொறுமையா போவும்."

"எவ்ளோ பொறுமையா?"

"நடந்து போறவன் டாட்டா காட்டுவான்" என்றாள் பூக்காரி.

அடுத்த சில நாட்கள் தைலம்மாள் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் விசாரித்தாள். இது எங்கே முடிகிறது, அங்கிருந்து எது கிளம்புகிறது, கடைசி வண்டி எப்போது. சொன்னவற்றை எல்லாம் வீட்டுக்கு வந்து இளமாறனிடம் ஒப்பித்தாள். அவன் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரையும் ஊரையும் கோத்தான். இடையில் அறுந்து போன இடங்களில் நண்பர்களுக்குப் போன் போட்டான். அம்மாவும் மகனுமாக நான்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பாதை போட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் ஏறினால் திருவண்ணாமலை, அங்கிருந்து திருக்கோவிலூர், அங்கிருந்து விழுப்புரம் வரைக்கும் பெண்களுக்குக் காசே இல்லை. விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயில். மத்தியானம் எந்த ஊரோ அந்த ஊர்க் கோயில் அன்னதானம். காலையில் தள்ளுவண்டி இட்லி. ஊருக்கு ஒரு பேர்போன பலகாரம். அதை மட்டும் நல்ல கடையில் வாங்கி ஆளுக்கு ஒரு வாய். மீதி இருந்தது ராத்திரிச் சாப்பாடு.

அடுத்த ஞாயிறு இதை அவள் சபையில் வைத்தபோது அரங்கநாதனுக்கு முகமெல்லாம் பல். "பரவால்லியே! பொம்பளைங்க பிங்க் பஸ்ஸு, ஆம்பளைங்க மட்டும் காசு பஸ்ஸு. செம ஐடியா. நாங்க நேர் பஸ்ஸுல சாமானத் தூக்கிக்கினு போயிடறோம். நீங்க மெதுவா வாங்க."

"அப்ப யாரு முன்னாடி போய்ச் சேருவாங்க?"

"நாங்கதான்."

"செட்டு சட்டம் இன்னா?"

அரங்கநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இசைவாணிக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து போனது.

"மாட்டிக்கினியா அண்ணே! முன்னாடி போறவங்க அடுப்பு மூட்டணும்! அண்ணி, நீ பெரிய ஆளுதான். ஆனா ஒண்ணு சொல்றன். மாப்ளைய அடுப்பு ஊத வச்ச மாமியாருன்னு மணலூர்பேட்டையே வந்து காறித் துப்பும், பாத்துக்க."

தைலம்மாளுக்கும் அந்தப் பயம் இருந்தது. போனைப் பார்த்துத் தயங்கினாள். "மாப்ள, உங்களுக்கு ஏதாச்சும் சங்கடம்னா சொல்லிடுங்க. நீங்க ஒக்காந்துக்குங்க, இவங்க ரெண்டு பேரும் பாத்துக்குவாங்க."

டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் ஊர் ஊராக ரூம் எடுத்துத் தங்கிப் பழகியவன் தமிழழகன். "அடுப்பு ஊதறதுல ஒண்ணும் இல்லீங்க அத்தை" என்றான். "ஆனா உப்பு புளிக்கு நான் பொறுப்பில்ல. இப்பவே சொல்லிட்டன்."

"தே, கேட்டுக்கோங்க" என்று புருசன் பக்கம் திரும்பினாள் தைலம்மாள். "திருவண்ணாமலையில நாங்க வந்து எறங்கறப்ப அடுப்பு எரியலன்னா, இல்ல ஓட்டல் பொட்டலத்த வாங்கி வச்சிக்கினு சிரிச்சீங்கன்னா, எதிர்ல வர்ற பிங்க் பஸ்ஸுல ஏறி வூட்டுக்கு வந்துடுவன். வேண்டுதல் பாக்கி நின்னா நிக்கட்டும், சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறன்."

கிளம்புகிற அன்றைக்கு அரிசி, பருப்பு, புளி, தூள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தாள். எதை எப்போது போடுவது என்று அரங்கநாதன் கேட்டதற்கு, "இத்தன வருசம் தின்னீங்களே, நாக்குக்குத் தெரியாதா?" என்று முடித்துக்கொண்டாள்.

அரங்கநாதனும் இளமாறனும் நேர் பஸ்ஸில் போய்விட்டார்கள்; தமிழழகன் மணலூர்பேட்டையில் அவர்களோடு ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. தைலம்மாளும் இசைவாணியும் பிங்க் பஸ்ஸில் ஏறி, சங்கராபுரத்தில் மாறினார்கள். பூக்காரி சொன்னது பொய்யில்லை. அந்த பஸ் ஒரு ஆலமரத்தையும் விட்டுவைக்காமல் நின்று நின்று போனது. நின்றுகொண்டு வந்த ஒருவர், வேட்டி மடிப்புக் கலையாத ஆள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தைலம்மாளைப் பார்த்து யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "ஓசில ஏறுனாலும் ஜன்னல் சீட்டுதான் வேணும் இவங்களுக்கு."

தைலம்மாள் திரும்பிப் பார்த்தாள். "காலைல டீ குடிச்சீங்களாங்க?"

"குடிச்சேன். ஏன்?"

"சர்க்கரை போட்டா?"

"ஆமா."

"அந்தக் கரும்பு நான் வெட்டுனதா இருக்கும். நான் ஏதாச்சும் சொன்னனா?"

பஸ்ஸே சிரித்தது. மனுசரும் பாதி சிரித்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் முன்பக்கமாக நகர்ந்துகொண்டார்.

மணலூர்பேட்டையில் பாரதி ஏறிக்கொண்டாள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியது. திருவண்ணாமலை மலை கண்ணுக்குத் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்ட தைலம்மாள், அதற்கப்புறம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

"எம்மா, இன்னா யோசன?" என்றாள் பாரதி.

"உங்கப்பன் ஓட்டல்ல வாங்கி வச்சிருந்தா நான் நெஜமாவே திரும்பணுமேடி. எவ்ளோ தூரம் வந்துட்டோம்."

"சும்மா மிரட்டுனன்னு நெனச்சன்."

"நான் எப்படி சும்மா சொல்லுவன்?"

கிரிவலப் பாதையில் ஒரு சத்திரம். அதன் பின்பக்கம் யாத்திரை வருகிறவர்கள் சமைத்துக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. தைலம்மாள் சுவரைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள்.

புகையோ புகை. அதற்குள் மூன்று உருவம். அரங்கநாதன் குந்தி உட்கார்ந்து கண்ணெல்லாம் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார். டிகிரி வாங்கின பிள்ளை அண்டாவில் கரண்டியை விட்டுப் படகு தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டிருந்தான். மருமகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தரிக்காயை டைல்ஸ் அறுப்பதுபோல அளவு பார்த்துச் சதுரம் சதுரமாக நறுக்கிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டாங்கடா" என்றார் அரங்கநாதன். "இன்னும் அஞ்சு நிமிசம். ஒக்காருங்க."

அஞ்சு நிமிசம் என்பது இருட்டும்வரை நீண்டது. ஆனால் சோறு வந்தது. சோறு என்று சொல்வதா களி என்று சொல்வதா தெரியாத பக்குவத்தில் இருந்தது. சாம்பாரில் பருப்பு ஒரு கரையில், தண்ணீர் ஒரு கரையில்.

"அண்ணே, இது சாம்பாரா, கை கழுவறதுக்கா?" என்றாள் இசைவாணி.

"திங்கறவ தின்னு. பேசாத."

தைலம்மாளின் இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கரும்புக் கொல்லையில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் எல்லோரும் தின்றபின் பானையடியில் ஒட்டிக்கிடந்த ஆறிய சோறு. அதையே சோறு என்று நாக்கு பழகியிருந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். உப்பு கம்மி. புளி ஜாஸ்தி. இரண்டாவது வாய் வைத்தாள். பிறகு இலையை முன்னால் நகர்த்தினாள்.

"இன்னும் ஒரு கரண்டி போடுங்க."

அரங்கநாதன் அவள் முகத்தைப் பார்த்தார், கிண்டலா என்று. கிண்டல் இல்லை. இரண்டு கரண்டி போட்டார்.

மறுநாள் விடியலில் அண்ணாமலையார் சந்நிதி. கூட்டம் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தியது. தைலம்மாள் வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் கேட்க எதுவும் இல்லாமல், "வந்துட்டன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டுத் திருக்கோவிலூருக்குக் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆண்கள் ஏற வேண்டிய தனியார் நேர் பஸ்ஸில் மூச்சு விட இடம் இல்லை. எதிரே நின்ற பிங்க் பஸ் காலியாக இருந்தது. "அண்டாவையும் அரிசிப் பையையும் நீங்களே எடுத்துக்கினு போங்க. இதுல ஏத்த வுட மாட்டான்" என்று அரங்கநாதன் சாமானைப் பெண்கள் பஸ்ஸில் போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் விசயம் தலைகீழானது. நடுவழியில் பெரிய சாலையில் ஒரு ஊர் அம்மன் ஊர்வலம். நேர் பஸ் அதற்குப் பின்னால் மேளத்துக்கு ஏற்றபடி ஊர்ந்தது. பிங்க் பஸ் வழக்கம்போல ஊருக்குள் புகுந்து, வயல்காட்டு ரோட்டில் சுற்றி, ஊர்வலத்தைத் தாண்டி ஏறிவிட்டது. இடையில் ஒரு ஊரில் மாறின பஸ்ஸும் இவர்களுக்காகவே நின்றதுபோல உடனே கிளம்பியது. அப்போதுதான் பாரதிக்கு அவள் வீட்டுக்காரன் போன் பண்ணினான். பேசிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அவங்க நமக்குப் பின்னாடி வந்துக்கினு இருக்காங்கமா. ரொம்பப் பின்னாடி."

மூவரும் காலடியில் இருந்த அண்டாவைப் பார்த்தார்கள்.

"அண்ணன் தெரிஞ்சேதான் இத நம்மகிட்ட தள்ளிடுச்சு" என்றாள் இசைவாணி. "அண்ணி, நான் சொல்றதக் கேளு. திருக்கோவிலூருக்கு முந்தின ஸ்டாப்புல எறங்கிடலாம். மரத்தடியில ஒக்காந்து கத பேசலாம். அவங்க பஸ்ஸு தாண்டிப் போனதும் அடுத்ததப் புடிச்சிக்கலாம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"வேண்டுதல் இன்னா ஆவுறது? உன் கையால ஊதுனா அது போச்சு!"

தைலம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கரும்பு நின்றது, வெட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிற கரும்பு. "சட்டத்த எடுத்துப் போட்டவ நான்" என்றாள். "அவருக்குன்னா நேரா புடிக்கறது, எனக்குன்னா வளைக்கறதா? அப்படிப் பண்ணுனா நாளைக்கு யாரு எம் பேச்ச மதிப்பாங்க? நேத்து மூணு பேரும் புகையில வெந்தாங்களே, மாப்ள உட்பட. அது இன்னாத்துக்கு?"

"அதுக்கில்ல அண்ணி..."

"வுடு. ஒரு வேள தின்னன் இல்ல? அது போதும்."

போதும் என்று சொன்னாளே தவிர, திருக்கோவிலூர் வரும்வரை காலடி அண்டாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருக்கோவிலூரில் ஆற்றங்கரைப் பக்கம் சமைக்க இடம் சொல்லியிருந்தார்கள். தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று கல் தேடி எடுத்து வந்தாள். சுள்ளி பொறுக்கினாள். பாரதி அரிசிப் பையை அவிழ்க்கப் போனபோது, "நீ தொடாத. நான் ஒருத்தி கெட்டது போதும், நீயாவது வேண்டுதல்ல நில்லு" என்று தடுத்தாள். குந்தி உட்கார்ந்து தீக்குச்சி கிழித்தாள். ஈரச் சுள்ளி, புகைந்தது. குனிந்து ஊதினாள். இத்தனை வருசம் ஊதின வாய்தான்; அன்றைக்கு மூச்சு வரவில்லை.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஆண்கள் மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள். அரங்கநாதன் அவளைப் பார்த்த மாத்திரத்தில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தார்.

"மேஸ்திரி!" என்று கத்தினார்.

தைலம்மாள் நிமிர்ந்து, யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களத்தான். எந்தச் செட்டுல மேஸ்திரி அடுப்பு ஊதியிருக்காரு? எழுந்திரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அரங்கநாதன் அவளை 'வாமே, போமே' என்றுதான் பேசியிருக்கிறார். ஆத்திரம் வந்தால் அதுவும் குறையும். 'ங்க' போட்டுக் கேட்டது இன்றைக்குத்தான். தைலம்மாளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இன்னா வெளையாட்டு இது, மாப்ளைக்கு முன்னாடி."

"வெளையாட்டு இல்ல. பாதை போட்டது யாரு? பஸ்ஸு விசாரிச்சது யாரு? எங்க தூங்கறது, எங்க திங்கறது, எல்லாம் யாரு சொல்லி நடந்துக்கினு இருக்கு? இந்தச் செட்டுக்கு நீங்கதான் மேஸ்திரி. முன்னாடி போய்ச் சேர்ந்தாலும் பின்னாடி போய்ச் சேர்ந்தாலும் மேஸ்திரிக்கு அடுப்பு வேல கெடையாது. அதுவும் செட்டு சட்டந்தான். இல்லன்னு சொல்லுங்க, பாப்போம்."

இல்லை என்று சொல்ல முடியாது. அவள் பார்த்த மேஸ்திரி ஒருவராவது சுள்ளி ஒடித்ததில்லை. மேஸ்திரி என்றாலே ஆண் என்பதால் அவளுக்குத் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதும் இல்லை.

"அப்ப நானும் பாரதியும் இன்னா பண்றது?" என்றாள் இசைவாணி. "நாங்களும்தான் முன்னாடி வந்தோம்."

"மேஸ்திரியக் கேளு."

எல்லோரும் தைலம்மாளைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்பில் கையை வைத்தாள். அந்த நிற்பு, கொல்லை வரப்பில் அவள் ஆயிரம் தடவை பார்த்த நிற்பு.

"அண்டாவ எங்க பஸ்ஸுல ஏத்துனது யாரு?"

"நான்தான். அந்த பஸ்ஸுல எடம் இல்ல, அதான்..."

"மேஸ்திரியக் கேட்டு ஏத்துனீங்களா?"

அரங்கநாதன் விழித்தார். "இல்ல."

"கேக்காம சாமான மாத்தி ஏத்துனா செட்டுல இன்னா?"

"அபராதம்" என்றார் குரலை இறக்கி.

"ஆங். இனிமே ஊரு போய்ச் சேர்ற வரைக்கும், யாரு முன்னாடி போனாலும் யாரு பின்னாடி போனாலும் ஆம்பளைங்கதான் ஆக்கணும். இதான் அபராதம்."

"மாமா, அபராதம் உங்களுக்குத்தான. எங்கள ஏன் இழுத்து வுடறீங்க?" என்றான் தமிழழகன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே.

"சரிங்க மேஸ்திரி" என்றார் அரங்கநாதன். உட்கார்ந்தார், ஊதினார். அவருக்கு ஒரே ஊதில் பற்றிக்கொண்டது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒற்றைக் காலைத் தூக்கி உலகை அளந்து நிற்கிற பெருமாளைப் பார்த்துவிட்டு வந்து, ஆற்றுக்காற்றில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு சரியாக இருந்தது.

அடுத்த நாட்கள் கடகடவென்று ஓடின. சிதம்பரத்தில் லாரி மேலிருந்து பார்த்த கோபுரத்தை, அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். கத்தரிக்காய் கொத்சு வாங்கி ஆளுக்கு ஒரு வாய் வைத்தார்கள். அதில் என்ன என்ன போட்டிருக்கிறார்கள் என்று அரங்கநாதன் கடைக்காரரிடம் கேட்டதைப் பார்த்து இசைவாணிக்குப் புரை ஏறியது. கும்பகோணத்தில் பித்தளை டபராவில் காப்பி. தைலம்மாள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அதை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டாள் என்பதை மகளுக்குக் கைநீட்டிக் காட்டினாள்.

கடைசி ஊர் ஸ்ரீரங்கம். ரங்கநாதரைப் பார்த்துவிட்டு, யாத்திரை வண்டிகள் நிறுத்துகிற திடலின் ஓரத்தில் இறங்கினார்கள். அதற்குள் ஆண்களுக்குக் கை பழகிவிட்டது. இளமாறன் வடித்த சோறு மல்லிகைப்பூவாக உதிர்ந்தது. தமிழழகனுக்கு உப்பின் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிற அளவுக்குத் தைரியம் வந்திருந்தது. அரங்கநாதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சிதம்பரத்தில் கேட்டு வந்த கொத்சைத் தன் போக்கில் வைத்தார். வாசனை பக்கத்து வேன் வரைக்கும் போனது.

அந்த வேனில் வந்த பெண்கள் அவர்களுடைய அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தார்கள். வேனில் வந்த ஆண்கள் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி, தைலம்மாள் வயசுதான் இருக்கும், கரண்டியோடு எழுந்து வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"அக்கா, சமைக்கறவங்கள கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. அவரு என் வூட்டுக்காரரு. அது என் பையன், டிகிரி முடிச்சிருக்கான். அவரு எங்க மாப்ள."

"மாப்பிள்ளையா!" அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எப்படிக்கா ஒத்துக்கிட்டாங்க?"

"மேஸ்திரி, இலை போட்டாச்சு. வாங்க" என்று அரங்கநாதன் கூப்பிட்டார்.

தைலம்மாள் எழுந்துகொள்ளவில்லை. "செத்த இருங்க, வரன்" என்று புருசனுக்குச் சொல்லிவிட்டு, பாயில் நகர்ந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள்.

"கரண்டிய கீழ வை. ஒக்காரு. உங்க ஊருக்கு பிங்க் பஸ்ஸு வருதா?"

"வருதே."

"அப்ப சொல்றன், கேளு" என்று ஆரம்பித்தாள்.